‘இந்தியர்’ என்ற ஒரே கட்டத்துக்குள் எத்தனை விதமான வீடுகள்

சிக்காகோவில் வசிக்கும் என் தங்கை, தன் மகனைச் சேர்க்க நினைத்திருக்கும் அரசாங்கத் தொடக்கப்பள்ளியின் அறிக்கையைச் சென்ற வாரம் எனக்கு அனுப்பியிருந்தாள். இல்லினாய் மாநிலம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை அது. வாசிப்பிலும் கணிதத்திலும் எத்தனை விழுக்காட்டு மாணவர்கள் உரிய நிலையை எட்டியிருக்கிறார்கள் என்பதோடு, அவர்கள் எந்தெந்த இனத்தவர், குறைந்த வருமானக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் எத்தனை பேர், ஆங்கிலத்தை இப்போதுதான் கற்றுக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர், பள்ளி நாள்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருந்தன. தங்கை அதைப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்காகப் பார்த்தாள். நான் அதை இரண்டு முறை படித்ததற்குக் காரணம் வேறு.

இங்கே சிங்கப்பூரில் நம் கல்வி அமைச்சும் தேர்ச்சி விவரங்களை வெளியிடுகிறது. பத்தாண்டுப் போக்கு என்று சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் எனப் பிரித்துத் தருகிறது. அப்படிப் பிரித்துப் பார்த்ததால் நன்மை விளையவில்லை என்று நான் சொல்லமாட்டேன். இந்திய மாணவர்கள் பின்தங்கியிருக்கிறார்கள் என்பது எண்களாகக் கண்முன் வந்த பிறகுதான் 1991இல் சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் பிறந்தது. மலாய்ச் சமூகத்துக்கு மெண்டாக்கி என்ற சுயஉதவி அமைப்பு 1982இலேயே வந்துவிட்டது. என் சம்பளத்திலிருந்தும் மாதந்தோறும் சிண்டா நிதிக்கு ஒரு தொகை போகிறது, அதை மனநிறைவோடுதான் கொடுக்கிறேன். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் இன்னமும் அந்த ஒரே கட்டத்தைப் பார்த்துத்தான் மகிழ்கிறோம் அல்லது வருந்துகிறோம். அண்மையில் ஒரு சமூகக் கூட்டத்தில், “நம் பிள்ளைகள்தாம் முன்னேறிவிட்டார்களே, இன்னும் எதற்கு இத்தனை துணைப்பாட வகுப்புகள்?” என்று ஒருவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். அவருக்கு அன்று உரிய பதில் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலைகளில் பதினொரு ஆண்டுகளாகத் தொண்டூழியராகப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு பையன் அங்கே வருகிறான். அவன் முன்னால் ஒரு கணக்கு இருந்தது. ஒரு ரொட்டிக்கடைக்காரர் காலையில் ஐந்தில் மூன்று பங்கு ரொட்டிகளை விற்றார், மீதியில் நான்கில் ஒரு பங்கைப் பிற்பகலில் விற்றார், கடைசியில் 60 ரொட்டிகள் எஞ்சின, முதலில் இருந்தவை எத்தனை என்பது கேள்வி. கணக்கு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. மீதியைக் குறிக்கும் ‘ரிமெய்ண்டர்’ என்ற சொல்லைத் தாண்டி அவன் போய்விட்டான், நான்கில் ஒரு பங்கை மொத்த ரொட்டியிலிருந்தே எடுத்துவிட்டான், மூன்று முறை அழித்ததில் தாளே கிழிந்துவிட்டது. நான் தமிழில், “காலையில் வித்தது போக மிச்சம் இருக்குல்ல, அந்த மிச்சத்துல கால் பங்குய்யா” என்றேன். அவன் கட்டம் வரைந்தான், ஐந்தாகப் பிரித்தான், மூன்றை அடித்தான், மீதமிருந்த இரண்டை நான்கு சிறு கட்டங்களாக்கி ஒன்றை அடித்தான். “டீச்சர், ஒரு சின்னக் கட்டம் இருபது. அப்போ இருநூறு.” ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டில் தமிழ் பேசுவதால் பிள்ளைக்குக் கணிதம் வராமல் போகிறது என்று யாரும் இதைப் படித்துவிட்டு முடிவுகட்டிவிட வேண்டாம். வீட்டில் தமிழ் பேசி, கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, நூலகத்துக்கு அழைத்துப்போக நேரமும் இருக்கிற பெற்றோரின் பிள்ளைகள் இரு மொழிகளிலும் வெளுத்துக்கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பையனின் அம்மா இரவுநேரத் துப்புரவு வேலைக்குப் போகிறவர். குடும்பம் இருப்பது ஈரறை வாடகை வீட்டில், அதாவது குடும்பத்தின் மாத வருமானம் பொதுவாக 1,500 வெள்ளியைத் தாண்டாதவர்களுக்கு வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஒதுக்கும் வீட்டில். பகலில் அம்மா உறங்க வேண்டும் என்பதால் பையன் நடைவழியில், செருப்பு வைக்கும் அலமாரியின் மேல் புத்தகத்தை விரித்து எழுதுகிறான். தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத சனிக்கிழமைகளில் வகுப்புக்கும் வரமாட்டான். இவற்றில் எதுவும் ‘இந்தியர்’ என்ற கட்டத்தில் தெரியாது.

அந்தக் கட்டத்துக்குள் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1990இல் குடியிருப்பாளர்களில் இந்தியர் 7.1 விழுக்காடு, 2010இல் 9.2 விழுக்காடு, 2020இல் 9.0 விழுக்காடு. இடைப்பட்ட ஆண்டுகளில் பட்டதாரிகளும் தகவல் தொழில்நுட்ப, நிதித்துறை நிபுணர்களுமாகப் பலர் வந்து குடியேறி, அவர்களின் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களும் நம் பிள்ளைகள்தாம், அவர்கள் நன்றாகப் படிப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நன்றாகப் படிக்கும் பத்துப் பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தால், ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாக எடுக்காமலேயே சராசரி ஏறிவிடும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியர்களில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவதாகவும் 27.3 விழுக்காட்டினர் தமிழ் பேசுவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். வருமானம், வீட்டின் அளவு, வீட்டுமொழி என்று எத்தனையோ வேறுபாடுகள் கொண்ட பிள்ளைகளை ஒரே எண்ணால் அளந்துவிட்டு முன்னேறிவிட்டோம் என்று எப்படிச் சொல்வது?

தேர்வின் அளவுகோலும் சில பிள்ளைகளின் உழைப்பை மறைத்துவிடுகிறது. 2021 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் அடைவுநிலை முறை நடப்பில் இருக்கிறது. 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் எடுத்தால் முதல் நிலை. அதற்குக் கீழே நான்காம் நிலை வரை ஐந்து ஐந்து மதிப்பெண்ணாக நிலைகள் இறங்குகின்றன, ஐந்தாம் நிலைக்குப் பத்து மதிப்பெண். ஆனால் ஆறாம் நிலை 45இல் தொடங்கி 64 வரை நீள்கிறது. ஒரு மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் நிலையை மாற்றுவதற்காக வந்த முறை அது, நல்ல முறைதான். ஆயினும் எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி ஓராண்டு முழுவதும் உழைத்து, கணிதத்தில் 47இலிருந்து 62க்கு வந்தாள். அவள் அறிக்கையில் அப்போதும் ஆறு, இப்போதும் ஆறு. அவளுடைய அம்மா அந்தத் தாளை என்னிடம் காட்டி, “ஒண்ணும் மாறலையே, டீச்சர்” என்றார். பழைய விடைத்தாளையும் புதிய விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் அவர் நம்பினார்.

பள்ளிவாரியாகக் குடும்ப வருமானத்தை வெளியிட்டால் சில பள்ளிகளுக்கு அவப்பெயர் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள், அது நியாயமான அச்சம். அமெரிக்காவில் இத்தகைய அறிக்கைகளைப் பார்த்தே வீடு வாங்குகிறவர்கள் உண்டு. இங்கேயும் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு தேடி அலைகிறவர்களை நாம் அறிவோம். ஆகவே பள்ளிகளின் பெயரை நான் கேட்கவில்லை. நாடு முழுமைக்குமாக, இனவாரியான எண்களுக்குப் பக்கத்திலேயே, வாடகை வீடு, மூவறை, நான்கறை, ஐந்தறை, தனியார் வீடு என்று வீட்டு வகைவாரியாகவும் தேர்ச்சி விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஒவ்வோர் இனத்துக்குள்ளும் அந்தப் பிரிவு தெரிய வேண்டும். பல நாடுகளில் நடக்கும் பீசா என்ற கல்வி ஆய்வில் பதினைந்து வயது மாணவர்களிடம் வீட்டில் எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன, பெற்றோர் என்ன படித்திருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டு, அதைக் கணித மதிப்பெண்ணோடு பொருத்திப் பார்க்கிறார்கள். பதினைந்து வயதில் பார்ப்பதைப் பன்னிரண்டு வயதிலேயே பார்க்க முடியாதா?

வசதி குறைந்த பிள்ளைகளைப் பற்றி அரசாங்கத்துக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அமைச்சர் குமாரி இந்திராணி ராஜா தலைமையில் 2018இல் ‘அப்லிஃப்ட்’ பணிக்குழு அமைந்ததே, பள்ளிக்கு ஒழுங்காக வரமுடியாத பிள்ளைகளின் வீட்டு நிலவரத்தைக் கவனிக்கத்தான். 2025 முதல் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்துக்கான வரம்பும் மாதக் குடும்ப வருமானம் 4,000 வெள்ளி அல்லது தலைக்கு 1,000 வெள்ளி என்று உயர்ந்திருக்கிறது. பணம் போகிறது, ஆள்களும் போகிறார்கள். அதன் பலன் யாரை எட்டியது, யாரை எட்டவில்லை என்பதைச் சிண்டாவும், என்னைப் போன்ற தொண்டூழியர்களும், அந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்டவரும் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு பொது அட்டவணை மட்டும் இல்லை.

இந்தக் கோரிக்கையை என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதி வைத்திருக்கிறேன், வரும் திங்கட்கிழமை மக்கள் சந்திப்பில் நேரில் கொடுக்கப்போகிறேன். மற்ற வட்டாரங்களில் சனிக்கிழமை வகுப்பு நடத்துகிறவர்கள், உங்கள் பிள்ளைகள் வகுப்புக்கு வராத நாள்களில் ஏன் வரவில்லை என்பதைப் பெயர் போடாமல் எனக்கு எழுதி அனுப்புங்கள். கடிதத்தோடு அவற்றையும் இணைக்கிறேன்.