பத்துப் பேரும் தூங்கித்தான் போனார்கள்

நத்தாருக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்கினால் "விழிப்பாயிருங்கள்" என்ற வேத வசனம் எல்லார் முகநூல் பக்கத்திலும் வந்துவிடும். பகிர்ந்த கையோடு நத்தார் உடுப்பு எடுக்க என்.சி. வீதிக்குப் போய்விடுவோம். போகட்டும், அதில் குற்றமில்லை.

அந்த வசனம் வரும் மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தை ஒருக்கா ஆறுதலாக வாசியுங்கள். மணமகனை எதிர்கொள்ள விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னியரும்தான், அவன் பிந்தியபோது தூங்கினார்கள், முன்மதியுள்ள ஐவரும் உட்பட. வித்தியாசம் எண்ணெயில் மட்டும்: அந்த ஐவர் விளக்குக்கு மேலதிக எண்ணெய் கொண்டுவந்திருந்தார்கள், மற்ற ஐவர் கொண்டுவரவில்லை. நடுச்சாமத்தில் அதைக் கடன் வாங்கவும் முடியவில்லை.

அந்த எண்ணெயைச் சேர்க்க படுக்குமுன் அன்றைய நாளைக் கடவுள் முன் திரும்பிப் பார்க்கும் இரவு ஆன்ம சோதனையைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து. 1893இல் உருவான நம் திருகோணமலை மறைமாவட்டத்தில் நெடுங்காலம் பணி செய்தவர்கள் இயேசு சபைக் குருக்கள். அவர்களுடைய சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொல்லித் தந்த முறைதான் இது. பத்து, பதினைந்து நிமிடம் போதும். முதலில் நன்றி. அடுத்து, உண்மையைக் காண ஒளி கேட்பது. பிறகு எழும்பியதிலிருந்து மணித்தியாலம் மணித்தியாலமாக நாளைத் திருப்பிப் பார்ப்பது. மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம், கடைசியில் பரலோக மந்திரம்.

பலர் நன்றியை விட்டுவிட்டு நேரே பாவத்துக்குப் போகிறார்கள். மனம் கனத்து, ஒரு கிழமையில் கைவிட்டுவிடுவார்கள். படுத்துக்கொண்டு செய்தால் இரண்டாவது படியிலேயே நித்திரை. கதிரையில் இருங்கள், ஃபோன் அடுத்த அறையில் கிடக்கட்டும். மாமியார் செய்ததை மீட்டிப் பார்ப்பது ஆன்ம சோதனை ஆகாது (இது கனபேருக்கு நடப்பது!).

தீர்மானம்தான் அதிகம் பிழைக்கும் இடம். "இனி நல்லவளாக இருப்பேன்" என்பது காலைக்குள் கரைந்துவிடும். "நாளைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போது கத்தமாட்டேன்" என்று ஒரு நேரம், ஒரு ஆள், ஒரு காரியமாக எடுக்க வேண்டும். எழும்பிச் சிலுவை அடையாளம் போடும்போதே அதை நினைவுபடுத்துங்கள்.

இதைப் பழகியவருக்குக் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் சுலபம். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய கிழமை வரிசையில் நின்று "பொய் சொன்னேன், கோபப்பட்டேன்" என்று பொதுவாக ஒப்புவிக்கத் தேவையில்லை. யாரிடம், ஏன் என்று தெரிந்திருக்கும். சாவான பாவத்தை வருடத்துக்கு ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும் என்ற திருச்சபைச் சட்டம் ஆகக் குறைந்த எல்லை மட்டுமே.

பாவசங்கீர்த்தனம் செய்து பூசையில் நற்கருணை வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல்: அதற்கு முன் ஒன்றும் சாப்பிடாமல் இருக்கும் நற்கருணை உபவாசம் ஒரு மணித்தியாலம். பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை, தேத்தண்ணி கூடாது. வயோதிபர், நோயாளர், அவர்களைப் பராமரிப்போருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இரவில் கடலுக்குப் போகிறவர்கள் ராச்செபம் தவறுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் நாள் முடிவது விடிந்த பிறகு. மீனை விற்று, குளித்து, படுக்கப் போகுமுன் இந்த ஆன்ம சோதனையைச் செய்யுங்கள்.