ஈஆர்பி வாங்கறதுக்கு முன்னாடி குடோன்காரர்ட்ட கேளுங்க

திருப்பூர்ல ரெண்டு கம்பெனி ஓனர்ங்க டீக்கடையில நின்னா மொதல்ல நூல் விலை, அப்புறம் டாலர் ரேட், இப்பல்லாம் மூணாவதா ஈஆர்பி, அதாவது கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல பாத்துக்கற சாஃப்ட்வேர். எஸ்ஏபி நமக்கெல்லாம் தாங்குமா, ஓடூ போதுமா, ஈஆர்பிநெக்ஸ்ட் ஓப்பன் சோர்ஸ் தானே காசே இல்லையாமே, நம்ம டேலியிலேயே ஓட்டிக்கலாமா, இப்படியே போகும் பேச்சு. யாரும் நம்ம குடோன்ல டிசிய, அதான் சரக்கோட வர்ற டெலிவரி சலான, யாரு எப்ப என்ட்ரி போடறாங்கன்னு மட்டும் கேக்கறதில்ல. என்னைக் கேட்டா எந்த சாஃப்ட்வேருங்கறது பத்துல ரெண்டு பங்குதான், மிச்ச எட்டும் அந்த டிசியில இருக்கு.

எப்படின்னு சொல்றேன். ஒரு ஆர்டருக்கு 500 கிலோ கிரே துணி (சாயம் போடாத துணி) டையிங்குக்கு அனுப்பறோம்னு வைங்க. சாயம் போட்டு, துணி பின்னாடி சுருங்காம இருக்கப் பண்ற காம்பேக்டிங்கும் முடிஞ்சு 462 கிலோ திரும்பி வருது. காணாமப் போன 38 கிலோ பிராசஸ் லாஸா, இல்ல ஒரு ரோல் அங்கயே மூலையில கிடக்கா? அன்னிக்கே போன் போட்டா தேடிப் பார்த்து சொல்லிருவாங்க. பத்து நாள் கழிச்சு கேட்டா "லாஸ்ங்க, காட்டன் தானே" அவ்ளோதான். ஈஆர்பிக்கு லட்சக்கணக்குல குடுக்கறதே இந்த 38 கிலோவ அன்னிக்கே கண்டுபிடிக்கத்தான்.

ஆனா நடக்கறது என்ன? சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டி வருது, ஷிப்மென்ட் தேதி தலைக்கு மேல நிக்குது, கட்டிங் மாஸ்டர் துணிய ரிலாக்ஸ் ஆகக்கூட விடாம டேபிள்ல ஏத்திடறார், டிசி கம்பியில குத்தி கிடக்குது. மறுநாள் ஆபீஸ்ல கட்டிங்குக்கு இஷ்யூ போடப் போனா சிஸ்டம் "ஸ்டாக் இல்லை"ங்குது, ஏன்னா உள்ள வந்ததையே யாரும் போடல. உடனே சாஃப்ட்வேர்காரருக்கு போன், அவரும் பாவம் நல்ல மனுசன், "நெகட்டிவ் ஸ்டாக் அலவ் பண்ணி விட்டுடறேன் சார், வேலை நிக்காது"ன்னு ஒரு டிக் போட்டு விட்டுடுவார், அதாவது கணக்குல இல்லாத சரக்கையும் வெளிய குடுக்கலாம். அந்த ஒரு டிக்கோட ஈஆர்பி செத்துப் போச்சுங்க. அடுத்த மாசம் ஸ்டாக் ரிப்போர்ட்ல நேவி ப்ளூ சிங்கிள் ஜெர்சி மைனஸ் 212 கிலோன்னு நிக்கும். மைனஸ் 212 கிலோ துணிய எந்த ரேக்ல போய் எண்ணறது?

இதுக்கு எல்லாரும் குடோன்காரரத்தான் திட்டுவாங்க, சோம்பேறி, கம்ப்யூட்டர் தெரியாதுன்னு. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. அந்த மனுசன் ரோல இறக்கி, எடை போட்டு, நோட்டுல எழுதி, அதையே மறுபடி இங்கிலீஷ் ஸ்க்ரீன்ல லாட் நம்பர், டயா, ஜிஎஸ்எம், கலர், ஷேடுன்னு கட்டம் கட்டமா அடிக்கணும். அடிச்சா அவருக்கு என்ன கிடைக்குது? ரிப்போர்ட் எம்டி போனுக்குப் போகுது, அங்கிருந்து திட்டு இவருக்குத் திரும்பி வருது. தான் திட்டு வாங்கறதுக்குத் தானே டைப் அடிக்கணும்னா யாருங்க ஆசையா அடிப்பாங்க.

ஒரு யூனிட்ல இதை அழகா பண்ணிருந்தாங்க. எடை மெஷினை நேரா கம்ப்யூட்டர்ல கோத்து விட்டாங்க, எடை தானா விழுந்துரும், ரோலுக்கு பார்கோடு ஸ்டிக்கர், ஸ்க்ரீன் முழுக்க தமிழ். அதை விட முக்கியமா, டையிங்ல நிக்கற லாட் எல்லாம் எத்தனை நாளா நிக்குதுன்னு லிஸ்டா, ஆர்டர பாத்துக்கற மெர்ச்சண்டைசர் ஸ்க்ரீன்லயே தெரியற மாதிரி பண்ணிட்டாங்க. அதுக்கு முன்னாடி நாள் பூரா "அண்ணா அந்த மெரூன் வந்துருச்சா, அண்ணா ரிப் வந்துருச்சா"ன்னு குடோன்காரருக்கு போன் மேல போன். இப்ப என்ட்ரி போட்டா போன் வராது, போடலைன்னா வரும். வண்டி நின்ன கையோட அவரே போட ஆரம்பிச்சுட்டார், யாரும் மிரட்டல.

இது நம்மூர் வியாதி மட்டும்னு நினைச்சுக்க வேண்டாம். அமெரிக்காவுல ஹெர்ஷீஸ் சாக்லேட் கம்பெனி 1999ல எஸ்ஏபியும் கூட ரெண்டு சாஃப்ட்வேரும் சேர்த்து அவசர அவசரமா இறக்குச்சு. ஹாலோவீன் சீசன், சுமார் 100 மில்லியன் டாலர் ஆர்டர அனுப்ப முடியாம திணறுனாங்க, இத்தனைக்கும் சரக்கு இருந்துச்சு. சீசன் நெரிசல்ல இடம் கிடைச்ச பக்கமெல்லாம் பெட்டிய அடுக்கி வெக்கறது அங்க பழக்கம், அந்த இடமெல்லாம் சிஸ்டத்துல குடோன்னே பதிவாகல. ஆளுக்குத் தெரிஞ்சது சிஸ்டத்துக்குத் தெரியல.

ஜெர்மனியில லிடில் சூப்பர்மார்க்கெட் கதையும் எல்லாரும் சொல்லுவாங்க, ஏழு வருசம், சுமார் 500 மில்லியன் யூரோ, 2018ல எஸ்ஏபி திட்டத்தையே தூக்கிப் போட்டாங்க. அவங்க ஸ்டாக்க கொள்முதல் விலையில கணக்கு வெப்பாங்க, சாஃப்ட்வேரோட வழக்கம் விற்பனை விலை, எங்க முறைய மாத்த மாட்டோம்னு சாஃப்ட்வேர மாத்திக்கிட்டே போனதும் ஒரு காரணம்னு அப்ப செய்தி வந்துச்சு. இதைக் காட்டி கன்சல்டன்ட்ஸ் "கஸ்டமைஸ் பண்ணாதீங்க"ன்னு நமக்கு உபதேசம் பண்ணுவாங்க. பாதிதான் சரி. நமக்கு உள்ள வர்றது கிலோ, வெளிய போறது பீஸ், நடுவுல சைஸ் ரேஷியோ, கட்டிங் வேஸ்ட், நிட்டிங்ல இருந்து பிரிண்டிங் வரைக்கும் ஆளாளுக்கு ஜாப் வொர்க், அதாவது நம்ம சரக்க வெளியாள்ட்ட குடுத்து வேலை செஞ்சு வாங்கறது. இது தெரியாத சாஃப்ட்வேர மாத்தித்தான் ஆகணும். மாத்தக் கூடாதது ஓனர் பழக்கத்துக்காக. ஞாயித்துக்கிழமை சாவி போட்டுத் திறந்து சேம்பிளுக்கு ரெண்டு ரோல் எடுத்துட்டுப் போய் யார்ட்டயும் சொல்லாம விடறது, "அந்த ஆர்டர் துணிய எடுத்து இதுக்கு வெட்டிருங்க"ன்னு போன்ல சொல்லிட்டு டிரான்ஸ்ஃபர் போடாம விடறது, இதெல்லாம் செய்யறது குடோன்காரர் இல்லைங்க. அப்புறம் ஒரு ஆர்டர் நஷ்டம், இன்னொன்னு கொள்ளை லாபம்னு காட்டும், ரெண்டுமே பொய். "ஈஆர்பி ரிப்போர்ட் தப்பு"ன்னு அந்த ஓனரேதான் கத்துவார்.

டிசி கணக்குன்னா உள்வீட்டு விசயம்னும் விட முடியாது. ஜிஎஸ்டில ஜாப் வொர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருசத்துக்குள்ள திரும்பணும், இல்லைன்னா அனுப்புன அன்னிக்கே வித்ததா எடுத்துக்கிட்டு வரி கேப்பாங்க. ஆடிட்டர் மார்ச் மாசம் கம்பியில குத்துன டிசிய உருவி எண்ணிட்டு உக்காந்திருக்கறது நான் பல கம்பெனியில பார்க்கற காட்சி.

டெமோ காட்ட வர்றவங்க எம்டி டேஷ்போர்டத்தான் மொதல்ல திறப்பாங்க, கலர் கலரா கிராஃப் ஓடும். அதை மூடச் சொல்லுங்க. உள்ள வர்ற சரக்கப் பதியற இன்வர்ட் ஸ்க்ரீன திறக்கச் சொல்லி, குடோன்காரர கூப்பிட்டு சேர் போட்டு உக்கார வெச்சு, நேத்து வந்த நிஜ டிசி ஒன்ன கையில குடுத்து அடிக்கச் சொல்லுங்க. எத்தனை கட்டம் கேக்குதுன்னு எண்ணுங்க, அவர் மூஞ்சியப் பாருங்க. விலை பேசறது அதுக்கப்புறம்.