வார்டன் நடந்து வரட்டும், கேமராவைக் கட்டிவிட்டுப் போகக் கூடாது

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கிப் போட்டிருக்கும் பலருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. வேலி போட்டாயிற்று, கேட்டைப் பூட்டியாயிற்று, 'அத்துமீறி நுழையாதீர்' பலகையும் மாட்டியாயிற்று, இனி வாரண்ட் (நீதிபதி தரும் சோதனை உத்தரவு) இல்லாமல் போலீஸோ, வேட்டை விதிகளைக் காக்கும் கேம் வார்டனோ, எந்த அதிகாரியும் உள்ளே வர முடியாது என்று. வீட்டுக்கு அது சரி. காட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் அது செல்லாது. இன்று நேற்றல்ல, 1924 முதல்.

அந்த வருடம் ஹெஸ்டர் என்ற கள்ளச்சாராய வழக்கில், நியாயமற்ற அரசுச் சோதனையைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் தரும் பாதுகாப்பு திறந்தவெளிக்கு நீளாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். ஆள், வீடு, காகிதம், பொருட்கள் என்று அதில் இருக்கும் பட்டியலில் வயல் கிடையாது. 1984இல் ஆலிவர் வழக்கு இதை இன்னும் இறுக்கியது. கென்டக்கியில் பூட்டிய கேட், எச்சரிக்கைப் பலகை, வீட்டிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளி மறைவான இடத்தில் கஞ்சா. போலீஸ் கேட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தே போனது. உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதைச் 'சோதனை' என்றே கருத முடியாது என்றது. மாநிலச் சட்டப்படி அத்துமீறலாகவே இருந்தாலும் பரவாயில்லையாம்!

டெக்சாஸில் பலகைக்குப் பதிலாக மரத்தில் ஊதா பெயின்ட் அடிக்கலாம். செங்குத்துக் கோடு குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம், கோட்டின் அடிப்பகுதி தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில், காட்டில் 100 அடிக்கு ஒன்று, மற்ற நிலத்தில் 1000 அடிக்கு ஒன்று. அத்துமீறும் வேட்டைக்காரரைத் தடுக்க இது போதும். கேம் வார்டனைத் தடுக்காது. வேட்டை விலங்கோ மீனோ நடமாடும் எந்த நிலத்துக்கும் நீருக்கும் அவர் போகலாம் என்று அந்த மாநிலச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. (நாட்டின் எல்லையிலிருந்து 25 மைலுக்குள் நிலம் இருந்தால் எல்லைக் காவல் படைக்கும் தனி அதிகாரம் உண்டு. அது வேறு கதை.)

அப்படியானால் எது வரை பாதுகாப்பு? வீடும் வீட்டை ஒட்டிய வளாகமும். வளாகம் எங்கே முடிகிறது என்பதை 1987இன் டன் வழக்கு நான்கு கேள்விகளால் அளக்கிறது: வீட்டுக்கு எவ்வளவு பக்கம், வீட்டைச் சுற்றிய வேலிக்குள் இருக்கிறதா, எதற்குப் பயன்படுகிறது, வெளியாள் பார்வையிலிருந்து மறைக்க என்ன செய்திருக்கிறீர்கள். அந்த வழக்கில் கொட்டகை வீட்டிலிருந்து 60 கெஜம், வீட்டு வேலியிலிருந்து 50 கெஜம். அதிகாரிகள் பல வேலிகளைத் தாண்டி வந்து, உள்ளே போகாமல் வெளியே நின்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். செல்லும் என்று தீர்ப்பு. தூரத்தில் கொட்டகை கட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வார்டன் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மான் உங்கள் நிலத்தில் மேய்ந்தாலும் அது உங்கள் சொத்தல்ல, பொதுவுக்குச் சொந்தம். அதைக் காக்கும் விதிகளோ வேட்டை நடக்கும் இடத்தில் மட்டுமே சரிபார்க்கக் கூடியவை. வாத்து, புறா வேட்டையில் ஷாட்கன் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பு போட்டிருக்க வேண்டும். வாத்துக்கு 1991 முதல் ஈயக் குண்டு கூடாது. தீவனம் போட்டு ஈர்த்து இந்தப் பறவைகளைச் சுடக் கூடாது என்ற விதி இன்னும் நுணுக்கம்: போட்ட சோளத்தை முழுக்க அள்ளிய பிறகும் 10 நாள் அந்த இடம் தீவனம் போட்ட இடம்தான். டெக்சாஸில் தனியார் நிலத்தில் மானுக்கு சோளம் போடுவது குற்றமில்லை. அதே சோளத்துக்கு வரும் புறாவைச் சுட்டால் கூட்டாட்சிக் குற்றம். நிறையப் பேர் மாட்டுவது இங்கேதான். சாலையில் நின்றுகொண்டு ஒரு வார்டனால் இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே, வேட்டைக் காலத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு, அல்லது புகார் வந்து, சீருடையில் நடந்து வந்து உரிமத்தைக் கேட்கும் வார்டனோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை கேமராவோடு. ஆள் வந்தால் வந்தது தெரியும், பார்த்துவிட்டுப் போய்விடுவார். மரத்தில் கட்டிய கேமரா வாரக்கணக்கில் இருந்து, அந்தப் பக்கம் போகிற குழந்தை முதல் விருந்தாளி வரை எல்லோரையும் பதிவு செய்யும். இந்த வித்தியாசம் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வர்ஜீனியாவில் ஒரு விவசாயியின் வயலில் வாரண்ட் இல்லாமல் வைத்த கேமரா, பாதுகாக்கப்பட்ட பருந்துகளை அவர் கொன்றதைப் பிடித்தது. 2009இல் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்றது. அவர் செய்தது தவறுதான். அதற்காக அந்த வழி சரியாகிவிடாது.

டென்னசி வேறு வழியில் போனது. அங்கே வார்டன்கள் தனியார் நிலத்தில் வாரண்ட் இல்லாமல் நுழைந்ததும் கேமரா வைத்ததும் வழக்காகி, 2024 மே மாதம் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அது மாநில அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. பயன்பாட்டில் இருக்கும் நிலத்துக்கு அங்கே பாதுகாப்பு உண்டு, ஆளில்லாத தரிசுக் காட்டுக்கு இல்லை. வாஷிங்டன் (1984), ஓரிகன் (1988), வெர்மான்ட் (1991), நியூயார்க் (1992), மான்டானா (1995) மாநிலங்களின் உச்ச நிலை நீதிமன்றங்களும் திறந்தவெளிக் கோட்பாட்டை அப்படியே ஏற்கவில்லை. டெக்சாஸில் வார்டனிடம் செல்லாத பலகைக்கு நியூயார்க்கிலும் வெர்மான்ட்டிலும் எடை உண்டு. அங்கே நிலம் இருந்தால் பலகையை வருடா வருடம் போய்ப் பாருங்கள், விழுந்திருந்தால் மாட்டுங்கள்.

தெற்கு டகோட்டா 2021இல் செய்தது எனக்குப் பிடித்த வழி. அனுமதி இல்லாமல் வார்டன் நுழையக் கூடாது, ஆனால் நியாயமான சந்தேகம், அடிபட்ட விலங்கு, அவசர நிலை போன்றவற்றுக்கு விலக்கு. நான் இன்னும் இரண்டு சேர்ப்பேன்: ஒவ்வொரு நுழைவும் எழுத்தில் பதிவாகி உரிமையாளருக்குப் பிறகாவது தெரிய வேண்டும், கேமராவுக்கு வாரண்ட் கட்டாயம். வாரண்ட் வாங்குவதற்குள் குற்றவாளி ஓடிவிடுவான் என்பார்கள். போனிலேயே வாரண்ட் வாங்கும் வழி கூட்டாட்சி விதிகளில் இருக்கிறது. அதுவும் கேமராவுக்கு என்ன அவசரம்? மரத்தைத் தேர்ந்து, கோணம் பார்த்து, வார் போட்டுக் கட்ட நேரமிருக்கிறவருக்கு நீதிபதியைக் கூப்பிட நேரமில்லையா?

சட்டம் மாறும்வரை நடைமுறை இதுதான். வேட்டையில் இருக்கும்போது வார்டன் கேட்டால் உரிமம், துப்பாக்கி, அடித்ததைக் காட்டுங்கள். மறிக்காதீர்கள், அது தனிக் குற்றம். வீடு, வீட்டை ஒட்டிய கராஜ், அங்கே இருக்கும் ஃப்ரீசர், தங்கியிருக்கும் கூடாரம் ஆகியவற்றுக்கு, 'வாரண்ட் இல்லாமல் சம்மதிக்கவில்லை' என்று அமைதியாக, வாய்விட்டுச் சொல்லுங்கள். 'பார்க்கலாமா' என்று அவர் சாதாரணமாகக் கேட்பார், நீங்களும் பழக்கத்தில் தலையாட்டிவிடுவீர்கள். அதோடு அது சம்மதமாகிவிடும்.

உங்களுடையதல்லாத கேமரா மரத்தில் தென்பட்டால் உடைக்காதீர்கள், கழற்றவும் வேண்டாம். அரசுச் சொத்தாக இருந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். இருக்கும் இடத்திலேயே படமெடுத்து, வரிசை எண், தேதி, இடக்குறி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, அந்த மாநிலத்து வக்கீலிடம் போங்கள். நீங்கள் மாட்டிய கேமராவை அதிகாரி எடுத்துப்போனால் அது வேறு வழக்கு. நிலம் திறந்தவெளியாக இருக்கலாம், கேமரா உங்கள் பொருள். அதற்கு ரசீது கேளுங்கள்.