போன வாரம் படிச்சோமே

“போன வருஷம் எத்தனை புத்தகம் படிச்சீங்க சார்?” என்று ஆபீஸில் ஒரு தம்பி கேட்டார். நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கிற ஜனவரியில் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. 22 என்றேன். “அதுல ஆடியோ எத்தனை?” என்றார். 9 என்றேன். “அப்போ பதிமூணுன்னு சொல்லுங்க” என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள் இப்படித்தான், கழிக்க ஏதாவது கிடைத்தால் விடமாட்டார்கள்.

நானும் அதே ஆபீஸ்தான். அவர் கழித்ததில் வருத்தமில்லை. ஒரு நொடி என் முகம் சிறுத்துப்போனதுதான் உறுத்தியது. 51 வயதில், கேட்டதைப் படித்த கணக்கில் எழுதி மாட்டிக்கொண்டது போல ஒரு கூச்சம். அன்று சாயங்காலம் கூடுவாஞ்சேரியில் இறங்குகிற வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வாசிப்பைச் செல்போன் கெடுத்துவிட்டது என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். இருக்கலாம். என் வாசிப்பை அதைவிட அதிகமாகக் கெடுத்தது இந்தக் கூச்சம்தான். செல்போன் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது.

அப்பா 80களில் என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கண்காட்சியில் வாங்கிய தடித்த ரஷ்ய நாவல் ஒன்று வீட்டில் உண்டு. சோவியத் புத்தகம் வாங்கிய வீடுகளுக்குத் தெரியும், கெட்டி அட்டை, தையல் பைண்டிங், விலையோ சில ரூபாய்தான். 1991இல் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. அந்த அட்டை இன்னும் கழலவில்லை. 90களின் நடுவில் வேலைக்குச் சென்னை வந்தபோது அதையும் பெட்டியில் வைத்து எடுத்துவந்தேன். 83ஆம் பக்கத்தில் நின்றுபோனேன். அடையாளத்துக்கு வைத்த பல்லவன் பஸ் டிக்கெட் வெகுகாலம் அங்கேயே கிடந்தது. பஸ்களில் பல்லவன் என்ற பெயர் மறைந்தபிறகும் கிடந்தது.

நின்றதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒரே ஆளுக்கு மூன்று பெயர். சொந்தப் பெயர், அப்பா பெயரை ஒட்டி ஒன்று, குடும்பப் பெயர். அது போதாதென்று செல்லப் பெயர் வேறு. யாரோ புது ஆள் என்று நினைத்து நாற்பது பக்கம் கூடவே போனபிறகு, அவர் முதல் அத்தியாயத்திலேயே வந்தவர் என்று தெரிந்தது. சரி, மூடிவைத்துவிட்டு வேறொன்றை எடுத்திருக்கலாம். ‘இதை முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது’ என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். அதையும் படிக்கவில்லை, அடுத்ததையும் தொடவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம் அப்படியே போனது.

பாக்கெட் நாவல் கதையும் இதுதான். மானாமதுரையிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் காலேஜ் போன நாட்களில், பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப்பில் தொங்கும் மாத நாவலை வாங்கினால் போய் வருவதற்குள் கொலைகாரன் அகப்பட்டுவிடுவான். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துக்குள் வைத்துப் படித்த ஆள் நான். சென்னையில் ‘சீரியஸாக’ வாசிக்கிற நண்பர்கள் கிடைத்தபிறகு அதை மூச்சுவிடவில்லை. இப்போது சொல்கிறேன். பக்கம் திருப்பும் வேகம் என் விரலுக்கு வந்தது அந்த நாவல்களால்தான். இன்றும் வருஷத்துக்கு நாலைந்து துப்பறியும் கதை படிக்கிறேன், பெரும்பாலும் ஏதாவது கனத்த புத்தகம் என்னை ஒருவழி பண்ணியபிறகு. காய்ச்சலில் நாக்கு செத்துப்போனவன் ஊறுகாய் தேடுகிற மாதிரி.

காதுக்கு வந்தது மூன்று வருஷம் முன்னால். கூடுவாஞ்சேரியிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும். காலை எட்டு மணி வண்டியில் ஒரு கை மேலே கைப்பிடியில், மறு கையில் சாப்பாட்டுப் பை. புத்தகத்தை எந்தக் கையால் பிடிப்பது? இயர்போனை மாட்டிக்கொண்டு முதலில் கேட்டது ‘பொன்னியின் செல்வன்’. ஏற்கெனவே படித்ததுதான், பழகின தெருவில் சைக்கிள் விட்டுப் பார்ப்போமே என்று. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் யாரும் அச்சிடலாம், யாரும் வாசித்து ஏற்றலாம். யூடியூபில் அத்தனை குரல்கள் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒருவர் நந்தினி வரும் இடமெல்லாம் சீரியல் வில்லி போல இழுத்தார். இன்னொருவருக்குப் பழுவேட்டரையர் என்றால் இருமல். மூன்றாவது ஆள் எல்லோருக்கும் ஒரே குரல், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி. அவரைத்தான் பிடித்துக்கொண்டேன். நடிக்காமல் வாசிக்கிறவரிடம் நம் மனசிலுள்ள நந்தினி பத்திரமாக இருக்கிறாள்.

இதில் தொல்லை இல்லாமல் இல்லை. சாயங்கால வண்டியில் உட்கார இடம் கிடைத்தால் தூக்கம் வந்துவிடும். பல்லாவரத்தில் கண்ணயர்ந்து வண்டலூரில் விழித்தால் கதையில் ஒரு ராத்திரி கழிந்து படகு மறுகரை சேர்ந்திருக்கும். புத்தகமென்றால் மடியில் விழுந்து காத்திருக்கும். குரல் காத்திருக்காது. மறுநாள் காலை அரை மணி நேரம் பின்னால் தள்ளி, கேட்டதா கேட்காததா என்று தேடுவது தனி வேலை.

இதையெல்லாம் படித்த கணக்கில் எழுதலாமா என்ற கேள்வி வரும்போது எனக்கு அப்பத்தா ஞாபகம்தான் வருகிறது.

அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, கைநாட்டு. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, வாரப் பத்திரிகை வந்ததும் தொடர்கதையை அவளுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. திண்ணையில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள். வர்ணனை வந்தால் நான் நைசாக நாலு வரி தாண்டுவேன். உருவுகிற கை நின்றுவிடும். “என்னமோ விட்டுட்டியேடா” என்பாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ‘தொடரும்’ என்று நான் நிறுத்தினால் பத்திரிகைக்காரனுக்கு ஒரு பாட்டு திட்டு விழும். அடுத்த வாரம் முன்கதை மறந்து நான் முழித்தால் அவள்தான் எடுத்துக்கொடுப்பாள். “போன வாரம் படிச்சோமே, பெரியவன் கடுதாசியை அடுப்புல போட்டானே, அதுக்கு மேல படி.”

படிச்சோமே என்றுதான் சொல்வாள். ‘கேட்டேன்’ என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தத் தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து அடுக்கி பைண்டு பண்ணச் சொன்னதும் அவள்தான். ஒரு பக்கம் கதை, மறுபக்கம் பாதி ஜோக்கும் பல்பொடி விளம்பரமும். மத்தியானத்தில் அதை மடியில் விரித்துவைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், “இந்தப் படம் வந்த எடத்தைத் திரும்பப் படி” என்று விரலை வைப்பாள்.

அவள் ஒருத்திக்கு மட்டும் இருந்த வழக்கமில்லை இது. மழை பொய்த்தால் ஊர்களில் பாரதத்தின் விராட பருவத்தை வாசிக்கவைப்பார்கள். அட்டையிலேயே ‘பெரிய எழுத்து’ என்று போட்டு வந்த நல்லதங்காள் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் உரக்க வாசிக்கப் பத்துப் பேர் கேட்கிற புத்தகங்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிப்பார்கள். ஒருவர் பாட்டை வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்வார், அதாவது பொருளை விளக்குவார். சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் வெறுமனே கேட்கிறவர்கள்தான், ஆனாலும் அதற்குப் புராணப் படிப்பு என்றுதான் பெயர். வள்ளுவரும் கல்வி, கல்லாமை என்று இரண்டு அதிகாரத்தை முடித்த கையோடு ‘கேள்வி’யை, அதாவது கேட்டு அறிவதை, வைத்திருக்கிறார். ஆபீஸ் தம்பியிடம் சொன்னால் “அது வேற சார்” என்பார். கொஞ்சம் வேறுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் எல்லாப் புத்தகமும் காதுக்கு ஆகாது. பேச்சு நிறைந்த நாவல், தன்வரலாறு, பயணக் கதை எல்லாம் காதில் நன்றாகவே இறங்கும். வட்டார வழக்கில் எழுதியது கண்ணைவிடக் காதுக்கே பொருந்துகிறது. படிக்கையில் தடுக்கிய வாக்கியத்தை அந்த மண்ணின் ஆள் வாசித்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. கவிதைக்கு அவசரம் ஆகாது, ரயில் குரலுக்கோ அவசரம் தவிர ஒன்றும் தெரியாது. அடிக்குறிப்பு உள்ள எதையும் காதில் கேட்க முயலாதீர்கள். இப்போது இயந்திரக் குரலில் வேறு வாசிக்கவைக்கிறார்கள். ஒன்றைப் பத்து நிமிஷம் கேட்டேன். ‘ரூ.’ என்று சுருக்கி எழுதியதை ‘ரூ’ என்றே சொல்லி நிறுத்தி, புது வாக்கியம் போலத் தொடர்ந்தது. ழகரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆனால் காது கண்ணுக்கு வேலை வைக்கும். எனக்கு அதுதான் நடந்தது. ஆதித்த கரிகாலன் கொலை வரைக்கும் வந்ததும், இதில் நிஜமாகத் தெரிந்தது எவ்வளவு என்று அரிக்க ஆரம்பித்துவிட்டது. எழும்பூரில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி, பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம் நடந்து போகிற தூரம். 1896இல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சட்டப்படி வந்துசேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. நாலு நாள் மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு அங்கே போய், 1930களில் வந்த நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றைப் புரட்டினேன்.

உடையார்குடிக் கல்வெட்டு அதில்தான் கிடைத்தது. காட்டுமன்னார்கோவில் அனந்தீஸ்வரர் கோயிலில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்கள் அதில் வருகின்றன. கல்வெட்டு வந்த காரியம் என்னவோ நில விவகாரம். துரோகிகளின், அவர்கள் உறவினர்களின் நிலங்களைப் பறித்து விற்ற கணக்கு. எப்படிக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்று ஒரு சொல் இல்லை. ரயிலில் கேட்டபோது ரவிதாசன் ஓர் அடிக்குரல். கல்லில் அவன் ஒரு பத்திரத்தில் வரும் பெயர். முப்பது வருஷம் பேரேடு புரட்டியவனுக்கு இரண்டாவது ரவிதாசன்தான் அதிக பயம் காட்டினான். அந்த நாலு நாள் உட்கார்ந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? அந்தப் புத்தகத்தை நான் முழுதாகப் படிக்கவில்லை. ஒரு அத்தியாயமும் அதன் அடிக்குறிப்புகளும்தான்.

நம் சீர்காழிக்காரர் ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நூல் பயன்படுத்தவே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று, நூலகம் வளர்கிற உயிர். ஐந்தையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். நல்ல நூல், கெட்ட நூல் என்று ஒரு பேச்சு கிடையாது. எடுத்ததை முடித்தாக வேண்டும் என்றும் இல்லை. இதை யாராவது எனக்கு 83ஆம் பக்கத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

இப்போது என் வண்டி ஓடுகிற விதம் இதுதான். ரயிலில் காதுக்கு ஒன்று. தலைமாட்டில் சிறுகதையோ கவிதையோ, பத்துப் பக்கத்தில் விளக்கை அணைக்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கனமான ஒன்று, பென்சிலோடு. ஐம்பது பக்கத்துக்குள் ஒட்டவில்லையென்றால் மூடிவிடுவேன், மன்னிப்புக் கேட்பதில்லை. எண்ணிக்கை வைத்து வாசிக்கிற செயலிகளிலிருந்து வெளியே வந்துவிட்டேன். அதில் இருந்த வருஷம் டிசம்பர் மாதம் முழுக்க ஒல்லிப் புத்தகமாகத் தேடிக்கொண்டிருந்தேன், கணக்கு முடிக்கிற மாதத்தில் பில் தேடுகிற மாதிரி. ரஷ்ய நாவலைப் போன ஆனி மாதம் மறுபடி எடுத்தேன். பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பின்னட்டையில் செருகிவைத்திருக்கிறேன். பல்லவன் டிக்கெட் இப்போது 217இல் இருக்கிறது.

அம்மா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மானாமதுரையில் இருக்கிறார். விழித்திரை கெட்டு, எழுத்தின் நடுவில் கரும்புள்ளி விழுந்ததும், “என் படிப்பு அம்புட்டுத்தான்டா” என்று பத்திரிகையை நிறுத்திவிட்டார். பார்வை இல்லாதவர்களுக்குப் புத்தகத்தை ஒலியாகவோ பிரெயிலாகவோ மாற்றக் காப்புரிமை தடையாக நிற்கக்கூடாது என்று 2013இல் மரக்கேஷில் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2014இல் அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. இதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். “அது சரி, காதுல ஒயரை மாட்டிக்கிட்டு உக்காந்தா தெருவுல போறவ என்ன நெனப்பா?” என்றார். கூச்சம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. ஒயரே இல்லாமல் சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கி அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். மூன்று மாதம் அதைத் தொடவில்லை. நாலாவது மாதம் சார்ஜ் ஏறவில்லை என்று போன் வந்தது.

இப்போது இரண்டு பேரும் ஒரே நாவலைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். போன வியாழக்கிழமை ரயிலில் வரும்போது போன்.

“எங்கடா இருக்க?”

“தாம்பரம் தாண்டியாச்சும்மா.”

“அதைக் கேக்கல. கதையில எங்க இருக்க?”

“நாப்பத்தொண்ணாவது அத்தியாயம்.”

“இன்னும் அங்கேயேதானா? நான் நேத்தே படிச்சு முடிச்சுட்டேன். அந்தத் தம்பிக்காரன் இருக்கானே, கடைசியில அவன்...”

“அம்மா, சொல்லாத!” என்று நான் போட்ட சத்தத்தில் பெட்டியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊரப்பாக்கம் வருவதற்குள் பாதியைச் சொல்லிவிட்டார்.