பிரிகம் யங் பல்கலைக்கழகமும் இரண்டு தடைகளும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புரோவோ என்றொரு ஊர். மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபை நடத்தும் பிரிகம் யங் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 2009 ஜூன் வரைக்கும் அந்த வளாகத்து இணையத்தில் யூட்யூப் திறக்காது. இத்தனைக்கும் அதற்கு முன்பே சபை யூட்யூபில் தன் காணொளிகளைப் போட ஆரம்பித்துவிட்டது. பாடத்துக்கு உதவும் காணொளிகள் பெருகிவிட்டன என்று சொல்லிப் பிறகு திறந்துவிட்டார்கள்.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். மதப் பல்கலைக்கழகம் ஆபாசத் தளங்களைத் தடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். பிரிகம் யங்கில் சேரும் பிள்ளைகள் மது, புகையிலை, காபி, தேநீர் எதையும் தொடமாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், 2019-இல் மாணவர் பேரவையே ஆபாசத் தளங்களைத் தடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. பிள்ளைகளே கேட்டு வாங்கிய வேலியை அடக்குமுறை என்று எப்படிச் சொல்வது?

என் கவலை அந்த வேலி எங்கே போய் நிற்கிறது என்பதில்தான். பள்ளிகளிலும் நூலகங்களிலும் இணையத் தளங்களைத் தடுக்கப் பயன்படும் ஃபில்டர்களை அமெரிக்காவின் கைசர் குடும்ப அறக்கட்டளை சோதித்துப் பார்த்து 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கட்டுப்பாட்டைத் தளர்வாக வைத்தபோது ஆபாசத் தளங்களில் 87 சதவீதம் தடுக்கப்பட்டன. உடல்நலத் தளங்களில் 1.4 சதவீதம் மாட்டிக்கொண்டன. முழுக்க இறுக்கியபோது ஆபாசம் 91 சதவீதம் தடுக்கப்பட்டது, உடல்நலத் தளங்களில் 24 சதவீதம் அடிபட்டுப்போயின. நாலு சதவீதம் கூடுதலாகப் பிடிப்பதற்கு, நோயைப் பற்றித் தேடுகிறவர்களின் பக்கங்களில் கிட்டத்தட்ட நாலில் ஒன்றைப் பலி கொடுக்க வேண்டியிருக்கிறது. செவிலியர் படிப்பும் உளவியலும் நடத்துகிற ஒரு வளாகத்தில் இதை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஏன் தடுக்கப்பட்டது, யாரிடம் கேட்டால் திறப்பார்கள் என்று திரையிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆய்வுக்காகக் கேட்கும் ஆசிரியரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கக் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்பது.

சரி, கணினியில் இருக்கும் தடையாவது கண்ணுக்குத் தெரியும், தொலைபேசியில் ஒரு ஆளைக் கூப்பிட்டால் எடுத்தும் விடலாம். ஆசிரியர் வாயில் விழும் தடை அப்படியில்லை. என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

மதக் கல்லூரிகள் கல்விச் சுதந்திரத்துக்கு, அதாவது ஆசிரியர்கள் தயங்காமல் ஆராய்ந்து பேசும் உரிமைக்கு, வரம்பு வைப்பதாக இருந்தால், வேலைக்கு எடுக்கும்போதே அதை எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1940-லேயே ஏற்றுக்கொண்ட கொள்கை. நியாயமான பேச்சு. பிரிகம் யங் தன் கல்விச் சுதந்திர அறிக்கையை வெளியிட்டது 1992-இல். அடுத்த ஆண்டே ஆங்கிலத் துறையின் சிசிலியா கோன்சார் ஃபார், மானுடவியல் துறையின் டேவிட் நோல்டன் இருவருக்கும் மூன்றாம் ஆண்டு மதிப்பீட்டில் பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை. இருவரும் அந்த அறிக்கை வருவதற்கு முன்பே சேர்ந்தவர்கள். ஆய்வுப் பணி போதவில்லை என்று பல்கலைக்கழகம் காரணம் சொன்னது. ஆனால் ஃபார் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்துப் பேசியவர், நோல்டன் லத்தீன் அமெரிக்காவில் சபையின் நிலை பற்றி வெளிப்படையாகப் பேசியவர். 1996-இல் ஆங்கிலத் துறையின் கெய்ல் டர்லி ஹூஸ்டனுக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. விண்ணகத் தாய் உண்டு என்பது மோர்மன்களின் நம்பிக்கைதான், ஆனால் ஜெபம் விண்ணகத் தந்தையிடம்தான் என்கிறது சபை. அந்தத் தாயிடம் ஜெபிக்கலாம் என்று அவர் பேசியது காரணங்களில் ஒன்றாகக் காட்டப்பட்டது. பேராசிரியர் சங்கம் விசாரித்து, 1998-இல் பல்கலைக்கழகத்தை, கல்விச் சுதந்திரத்தை மதிக்காத நிறுவனங்களுக்கான தன் கண்டனப் பட்டியலில் சேர்த்தது.

சபைக்கு எதிரானதைச் சபையின் பணத்தில் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. விசுவாசிகள் கொடுக்கும் தசமபாகத்தில் நடக்கும் இடம் என்பதால் அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடமாட்டேன். ஆனால் இந்த மூவரும் சபையைச் சேர்ந்தவர்கள். வீட்டுக்குள் இருந்து கேள்வி கேட்டவர்கள். யூட்யூபில் பாடம் இருக்கிறது என்று பார்த்துத் திறந்தவர்கள், தங்கள் ஆசிரியர்களிடம் இருந்த பாடத்துக்கும் அதே பொறுமையைக் காட்டியிருக்க வேண்டும்.

ஹூஸ்டன் பிறகு நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். நோல்டன் அவ்வளவு தூரம் போகவில்லை. பக்கத்து ஊரான ஓரெமில் இருக்கிற யூட்டா வேலி பல்கலைக்கழகத்தில் மானுடவியல் சொல்லிக்கொடுத்தார். அது அரசுப் பல்கலைக்கழகம்.