மூன்று மேனேஜர்கள், ஒரு தரகர், நடுவில் நான்

ஒரு பொத்தானின் நிறத்தை மாற்ற அரை நாள் ஆகிறது என்று சொன்னால் கோலாலம்பூரில் இருக்கும் மேலாளர் நம்ப மறுக்கிறார். நிறத்தை மாற்ற ஒரு நிமிடம்கூட வேண்டாம் ஐயா. அந்த மென்பொருள் திட்டத்தை என் கணினியில் மூச்சுவிட வைப்பதற்குத்தான் மீதி நேரமெல்லாம் போகிறது!

சுங்கை சிப்புட்டில், ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் எழும்பிய தாமான் குடியிருப்பில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். பிறர் எழுதி வைத்த நிரல் பொதிகளை இணையக் கிடங்கிலிருந்து இறக்கித் தரும் மென்பொருளுக்கு பேக்கேஜ் மேனேஜர் என்று பெயர். ஒரு வாடிக்கையாளரின் திட்டத்தில் இருக்கும் மேனேஜர் என்பிஎம். அடுத்தவருடையது யார்ன், அதுவும் காலாவதியான முதல் பதிப்பு. இன்னொருவருக்கு பிஎன்பிஎம்தான் உயிர். மூன்றும் ஒரே கிடங்கிலிருந்து ஒரே சரக்கைத்தான் இறக்குகின்றன. ஆனால் எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு இறங்கியது என்று குறித்துவைக்க ஆளுக்கொரு லாக் கோப்பு, ஆளுக்கொரு அடுக்கும் முறை. ஒரே தோட்டத்துக்கு மூன்று கிராணிகளை (கணக்கர்களை) வைத்து, ஆளுக்கொரு பெரட்டுப் புத்தகத்தில் (வருகைப் பதிவேட்டில்) பேர் போடச் சொன்னால் சம்பள நாளில் என்ன கூத்து நடக்குமோ, அது இங்கே தினமும் நடக்கிறது.

மேனேஜர்கள்மேல் எனக்குப் பகை இல்லை. என்பிஎம்மின் வேகமும் நம்பகமும் போதவில்லை என்று 2016-இல் பேஸ்புக் யார்னை வெளியிட்டது நியாயம்தான். அந்தப் போட்டி வந்த பிறகு, 2017-இல்தான் என்பிஎம்மும் தானாக லாக் கோப்பு எழுதத் தொடங்கியது. ஒரே பிரதியை வட்டில் வைத்து எல்லாத் திட்டங்களுக்கும் இணைத்துக் கொடுக்கும் பிஎன்பிஎம்மை மனதாரப் பாராட்டுவேன். பட்டியலில் எழுதாமல் திருட்டுத்தனமாகப் பயன்படுத்திய பொதிகளை அது கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கிறது, அதற்காகவே தனியாக ஒரு கும்பிடு.

என் வயிற்றெரிச்சலெல்லாம் இவர்களைச் சேர்த்துவைக்க வந்த தரகர்மேல்தான். பெயர் கோர்பேக். 2021-இல், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் மென்பொருளின் 16.9 பதிப்புடன் சேர்ந்தே வந்து இறங்கினார். திட்டத்தின் விவரக் கோப்பான பேக்கேஜ்.ஜேசனில் எந்த மேனேஜர், எந்தப் பதிப்பு என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் போதுமாம், மற்றதை அவரே பார்த்துக்கொள்வாராம். கேட்கக் காதில் தேன் பாய்ந்தது. பிஎன்பிஎம் திட்டத்தில் யார்ன் என்று அடித்தால் கறாராகத் தடுத்துவிடுகிறார். ஆனால் என்பிஎம் என்று அடித்தால்? கண்டும் காணாததுபோல் விட்டுவிடுகிறார்! நாமாகத் தனியே கேட்டுக்கொண்டால் ஒழிய, என்பிஎம் கட்டளையில் அவர் கை வைப்பதே இல்லை. உலகமே முதலில் அடிப்பது அந்தக் கட்டளையைத்தானே? அந்த வாசலைத் திறந்து போட்டுவிட்டு எதற்கு இந்தக் காவல்?

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த பையன் அப்படித்தான் அடித்தான். பிஎன்பிஎம் லாக் கோப்பின் பக்கத்திலேயே என்பிஎம் லாக் கோப்பும் முளைத்தது. இரண்டையும் சேர்த்து ஏற்றிவிட்டான். "அண்ணே, வழக்கமாகச் செய்வதைத்தானே செய்தேன்?" என்று கேட்கிறான். அவனை எப்படித் திட்டுவது?

அடுத்தது இணையம். மழை இறங்கினால் எங்கள் வீட்டுக் கம்பி இணைப்பு படுத்துவிடும். கைப்பேசியை ஜன்னலோரம் வைத்து அதிலிருந்துதான் இழுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, இந்தப் பதிப்பு கையில் இல்லை, இறக்கட்டுமா என்று தரகர் கேட்பார். வேலைக்கான பொதிகளை அல்ல, பொதிகளை இறக்கும் மேனேஜரையே இறக்க வேண்டும். பதிப்பு எண்ணின் கடைசி இலக்கத்தை யாராவது ஆசைக்கு ஒன்று கூட்டி வைத்திருந்தாலும் அதற்குத் தனியாக ஓர் இறக்கம். டேட்டா என் காசு.

2025-இன் தொடக்கத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. இறங்குவது அசல்தானா என்று சரிபார்க்க உதவும் என்பிஎம் கிடங்கின் கையொப்பச் சாவிகள் மாறின. பழைய கோர்பேக்கோ தெரிந்த சாவிகளை வயிற்றுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தது. பொருந்தும் சாவி இல்லை என்று சொல்லிவிட்டு, மேனேஜரை இறக்க மறுத்து நின்றுவிட்டது. ஒரு வரிகூட மாற்றாத திட்டங்கள் ஒரே நாளில் கவிழ்ந்தன. என்ன மருந்து? என்பிஎம்மைக் கூப்பிட்டுக் கோர்பேக்கைப் புதுப்பிக்க வேண்டும். எந்தத் தலைவலி வேண்டாம் என்று தரகரை வைத்தோமோ, அதே தலைவலியிடம்தான் போய் நிற்க வேண்டும். அவசரக்காரர்கள் சரிபார்ப்பையே அணைத்துவிட்டுப் போனார்கள். பாதுகாப்புக்கென்று வைத்ததை அணைத்தால்தான் வேலை நடக்கும் என்றால், அது எந்த ஊர்ப் பாதுகாப்பு?

இத்தனைக்கும் பிறகு, 2025 மார்ச்சில் நோட் தொழில்நுட்பக் குழு வாக்கெடுத்து, நோட் 25 முதல் கோர்பேக்கைச் சேர்த்துத் தருவதில்லை என்று முடிவு செய்தது. கடைசிவரை அது சோதனை நிலையைத் தாண்டவே இல்லை என்பது வேறு. இதற்கிடையே பிஎன்பிஎம் தன் பத்தாம் பதிப்பிலிருந்து அந்த ஒற்றை வரியைத் தானே படித்துத் தன் பதிப்பைத் தானே மாற்றிக்கொள்கிறது. யார்னும் தன் பிரதியைத் திட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வழி தருகிறது. அப்படியானால் பதிப்பு எண் எங்கே இருக்கிறது என்று கேட்டால், மூன்று இடத்தைக் காட்டுகிறார்கள், மூன்றிலும் மூன்று எண்.

நேற்று மேலாளரிடமிருந்து புதிய பணி வந்திருக்கிறது. எல்லாத் திட்டங்களையும் நோட் 25-க்கு மாற்ற வேண்டுமாம், கோர்பேக்கைத் தனியாக நிறுவும் வரியை ஒவ்வொன்றிலும் சேர்க்க வேண்டுமாம். கீழே ஒரு குறிப்பு: "சின்ன வேலைதான், மதியத்துக்குள் முடித்துவிடலாம்." எந்த நாள் மதியம் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.