டாமி ஜான் கதை அங்கே முடியவில்லை

அமெரிக்க பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) டாமி ஜான் பற்றிய பதிவில், '1974ல் முழங்கை அறுவை சிகிச்சையோடு டாமி ஜான் கதை முடிந்தது, அப்புறம் பேருக்கு ஓரிரு சீசன் பந்து வீசினார்' என்று எழுதியிருப்பது தவறு. டாக்டர் ஃபிராங்க் ஜோப், ஜானுடைய வலது கையிலிருந்து தசைநாண் எடுத்து, பந்து வீசும் இடது முழங்கையில் கிழிந்துபோன தசைநாருக்குப் பதிலாக வைத்தார். அதுவரை எந்த பேஸ்பால் பிட்சருக்கும் செய்யாத சிகிச்சை. 1975 முழுக்க ஆட்டமே இல்லை, சரி. ஆனால் 1976ல் திரும்பியவர் 1989 வரை, 46 வயதிலும் வீசினார்! பிட்சராக அவர் கணக்கில் சேர்ந்த மொத்தம் 288 வெற்றிகளில் 164 சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. ஒரே சீசனில் 20 வெற்றியைத் தொட்ட 1977, 1979, 1980 மூன்றுமே அதற்கப்புறம்தான். அந்த உழைப்பை ஓரிரு சீசன் என்று சுருக்குவது பெரிய அநியாயம், தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.